ஜோயல் தாக்ரேயைப் பற்றி நான் சொன்னவை

இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் கிரிக்கெட் ஆடுவதற்கு இரண்டு ஸ்வெட்டராவது வேண்டும். ஜன்னல் வழியே பாருங்கள், எங்கள் பையன்கள் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஃபீல்டிங் நிற்கிறார்கள். வெயில் அடிக்கும் ஆகஸ்டை நூறு பந்து ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே பாட்டும் வாணவேடிக்கையும் இருக்கிறது, ஜனமும் வருகிறது. நான் குறை சொல்லவில்லை. எங்களைப் பார்க்க வருகிறவர்கள் கம்பளியும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். மரண விசாரணைக்கு முன்னால் ஒருமுறை பேசிவிடலாம் என்று விசாரணை அலுவலகத்திலிருந்து நீங்கள் வந்தது நல்லதுதான். போன மாதம் போலீஸிடம் நான் சொன்னது மிகவும் சுருக்கமாக இருக்கிறது என்றீர்கள். சுருக்கம் மட்டும் இல்லை அதில். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

என் பெயர் மால்கம் ஹெப்வர்த். ஆல்டன்ஷயர் கவுன்டி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளன். அதற்கு முன் இதே அணிக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஆடினேன். இங்கிலாந்துக்கு ஆடியதில்லை. நான் ஆடிய நாளில் இரண்டு தடவை என் பெயர் பேச்சில் இருந்தது, இரண்டு தடவையும் பேச்சோடு நின்றது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது உங்களிடம் சொல்வார்கள், அதனால் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜோயல் தாக்ரே எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபது வயது. இடதுகை ஆட்டக்காரன், முதலாவதாக இறங்குவான். அப்பா லென் பால் டேங்கர் ஓட்டுபவர். மதியம் சரக்கு இறக்கியதும், மைதானத்துக்குப் பின்னாலிருக்கும் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏறி நின்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். "நான் உள்ள வந்தா அவன் அவுட் ஆயிடுவான்" என்பார். மகன் ஆடும் விதத்தை அந்த மதிலுக்கு மேலிருந்தே முழுசாகக் குடித்துவிடுகிற மாதிரி பார்ப்பார்.

பார்க்க வேண்டிய ஆட்டம்தான் அது. மற்றவர்கள் பந்தை அடிப்பார்கள். ஜோயல், கதவைத் திறந்து வந்தவரை உள்ளே அழைக்கிற மாதிரி, பந்தைத் தன் பக்கத்தில் வரவிடுவான். அவசரம் என்பதே கிடையாது. முகத்துக்கு நேரே எழும்பும் பந்தைக் கடைசி வரை கண்ணெடுக்காமல் பார்த்து, தலையை அரை அங்குலம் சாய்த்து, போகவிடுவான். பிறகு பந்துவீச்சாளனைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கேலி இருக்காது. நல்ல பந்து என்று பாராட்டுகிற சிரிப்பு. அதுதான் அவர்களுக்கு அதிகம் கோபம் மூட்டும்.

இப்போது எங்கள் அணியின் நிலைமையைச் சொல்ல வேண்டும். பதினெட்டு கவுன்டிகள் அதிகம், பத்து போதும், மீதியை ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம் என்று மேலே கிரிக்கெட் வாரியத்தில் ரொம்ப நாளாகப் பேச்சு. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் நாங்கள் 'மீதி'யில்தான் இருந்தோம். இரண்டாம் பிரிவில் கடைசிக்கு ஓரிடம் முன்னால். முதல் பிரிவுக்கு ஏறினால் பிழைக்கலாம். ஏறாவிட்டால் இந்தப் பெவிலியன் இருக்குமிடத்தில் அடுக்குமாடி வந்துவிடும். ஜோயல் வந்த இரண்டாவது பருவத்தில், முதல்முறையாக, ஏறிவிடுவோம் போலத் தெரிந்தது. அவன் ஒருவனால்.

ஒரு பையனை இங்கிலாந்து அணி எடுத்துக்கொண்டால் அவன் அதற்குப் பிறகு எங்களுடையவன் இல்லை. சம்பளம் அவர்கள் கொடுப்பார்கள், ஓய்வு அவர்கள் சொல்வார்கள். வருடத்தில் ஒருமுறை, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள, இப்படி ஒரு ஏப்ரல் குளிரில் எங்களுக்காக ஆட அனுப்புவார்கள். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் அப்படிப் போனான். அரை டஜன் டெஸ்ட் ஆடினான், முதுகு உடைந்து திரும்பி வந்தான். இப்போது சமையலறை அலமாரிகள் விற்கிறான். ஜோயலை அப்படி விடக்கூடாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மை.

ஒரு ஜூன் மதியம், இதே அறையில், இங்கிலாந்து அணித் தேர்வாளர் மார்கஸ் லின்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மரியாதையான மனிதர். கவுன்டிப் பயிற்சியாளர்களிடம் கருத்துக் கேட்கிற தேர்வாளர்கள் குறைவு. அவர் கேட்பார், நாங்கள் சொல்வதை நம்பவும் செய்வார்.

"மால்கம், உங்க தாக்ரே எப்படி? நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க."

ஜோயல் அப்போது மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தான். சதம் தாண்டியிருந்தான்.

"அருமையான பையன்" என்றேன். "உழைப்புக்குக் குறையே சொல்ல முடியாது." பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம்தான் முதலில் வந்தது. சொல் அதன் பின்னால்தான் வந்தது.

"ஆனா?" என்றார் அவர்.

"ஆனா ஒண்ணுமில்ல. காதுகிட்ட வர்ற பந்துன்னா மட்டும் கொஞ்சம்..."

"வீடியோல அப்படித் தெரியலையே."

"வீடியோல தெரியாது மார்கஸ். பக்கத்துல நின்னு கண்ணைப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். இவ்வளவுதான். எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அதைக்கூட முடிக்கவில்லை.

இங்கிலாந்து அணியை அறிவித்த அன்று காலை, உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஒரே கைபேசியைச் சுற்றி நின்றார்கள். ஜோயல் மட்டும் மூலையில் காலுறையைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தான். அவன் பெயர் வரவில்லை. தென்பகுதி அணி ஒன்றில் ஆடும் பையனை எடுத்திருந்தார்கள். சராசரி முப்பதைத் தொடவில்லை. ஆனால் உயரம், அழகான மட்டை வீச்சு, வேகத்துக்குப் பயம் இல்லையாம்.

வெளியே, எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் திருமதி பாம்ஃப்ரெட், நாயை மடியில் வைத்துக்கொண்டு, மதிலுக்கு மேலே தெரிந்த லென்னின் தலையிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"உங்க பையன் வேற என்னதான் செய்யணுமாம் லென்? குதிரை மேல ஏறி வந்து ஆடணுமா?"

"குதிரை இல்லம்மா, டேங்கர்தான் இருக்கு" என்றார் லென்.

"அதையே கொண்டு போய் அந்தத் தேர்வாளர் வீட்டு வாசல்ல நிறுத்துங்க. பாலையும் தொறந்து விட்டுடுங்க. புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோயலும் சிரித்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"ஏன்னு ஏதாவது சொன்னாங்களா ஹெப்?"

"இன்னும் ரன் வேணுமாம்டா."

"சரி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போய் ரன் எடுத்தான். அந்தப் பருவம் முழுக்க, பனியிலும் தூறலிலும், பந்து பாம்பு மாதிரி வளைகிற ஆடுகளங்களிலும் எடுத்துக்கொண்டே இருந்தான். செப்டம்பரில் நாங்கள் முதல் பிரிவுக்கு ஏறினோம். திருமதி பாம்ஃப்ரெட் அழுதார். லென் முதல்முறையாக மதிலைத் தாண்டி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தவறு செய்ததாக எனக்கு அன்று தோன்றவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். இத்தனை பேருக்கு ஒரு இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வருடம்தான் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். ஆனால் ஏறிய பிறகு கீழே விழாமல் இருக்க வேண்டுமே. அடுத்த கோடையில் லின்ட் மறுபடி கூப்பிட்டார். "அந்தக் குறை சரியாச்சா?" என்று கேட்டார். நான் சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருந்தார். இப்போது போய் அப்படி ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? "முயற்சி பண்ணிட்டிருக்கோம்" என்றேன்.

இந்த மாதிரிப் பேச்சு ஓரிடத்தில் நிற்காது. ஜூலையில் தொலைக்காட்சியில் ஒரு வர்ணனையாளர், பழைய டெஸ்ட் வீரர், ஜோயல் பெயர் வந்தபோது சொன்னார்: "ரன் நிறைய எடுக்கறாரு, ஆனா தலைக்கு வர்ற பந்துக்குப் பயப்படுவாருன்னு உள்ளுக்குள்ள பேச்சு இருக்கு." அடுத்த ஆட்டத்திலிருந்து எல்லா அணிகளும் அவன் தலைக்கே வீச ஆரம்பித்தன. ஸ்லிப்பில் நிற்பவர்கள், "அம்மா வந்திருக்காங்களா தாக்ரே? கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார்கள். அவன் அந்தப் பந்துகளையும் அப்படியேதான் ஆடினான். அப்போது அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் குறையும் இல்லை. எனக்குத்தான் தெரியும், அந்தப் பேச்சை உண்டாக்கியவன் நான்.

பருவம் முடிந்ததும் ஒரு நாள், வெறிச்சோடிய கார் நிறுத்துமிடத்தில், மட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே கேட்டான்.

"ஹெப், நீங்க என்னைத் தினமும் பாக்கறீங்க. எனக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

அவன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் யார் சொன்னது என்று வரும்.

"இருக்குன்னு சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா குளிர்காலம் சும்மாத்தானே இருக்கு. கொஞ்சம் பாத்துக்கலாம்."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்கியதைப் பார்த்தேன். இவ்வளவு நாள் வெளியார் பேச்சாக இருந்தது, இப்போது உள்ளே போய்விட்டது. "நன்றி ஹெப்" என்றான். "நீங்களாவது நேரா சொன்னீங்களே."

நாய்க்குப் பந்து எறிய ஒரு பிளாஸ்டிக் கோல் விற்கிறார்கள் இல்லையா, அதே மாதிரி ஒன்று எங்களிடமும் உண்டு. அதை வைத்து எறிந்தால் என் வயதுக்காரன் கையிலிருந்தும் டெஸ்ட் வேகம் வரும். அந்தக் குளிர்காலம் முழுக்க, உள்ளரங்க நெட்டில், அவன் தலைக்கும் தோளுக்கும் நான் எறிந்தேன். இல்லாத ஒரு நோய்க்கு வைத்தியம் செய்தேன். வைத்தியம் நோயைக் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவன் கண் சிமிட்ட ஆரம்பித்தான். பிறகு முன்கால் பின்னால் இழுத்தது. ஜனவரியில் ஒரு நாள், பந்து என் கையை விட்டுப் போகும் முன்பே அவன் தலை திரும்பியது. அவன் அதை உணர்ந்தான். மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"அவங்க சொன்னது சரிதான், ஹெப்" என்றான். "என்கிட்ட என்னமோ இருந்திருக்கு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டேன். உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், அவன் மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவிருந்த பெண், பெத், ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அழவில்லை, உட்காரவும் இல்லை.

"சாப்பிடறப்பகூட திடீர்னு தலையை இழுத்துக்கறான்" என்றாள். "யாராவது கதவைச் சாத்தினா திடுக்கிடறான். நாங்க எல்லாரும் சொல்லிட்டோம், கேக்கமாட்டேங்கறான். நீங்க ஒருத்தர் சொன்னா நம்புவான். உனக்கு ஒண்ணுமில்லடான்னு ஒரு தடவை சொல்லுங்களேன், மிஸ்டர் ஹெப்வர்த்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அன்றைக்கு அது பொய்யாகிவிட்டிருந்தது பாருங்கள். இப்போது அவனுக்கு உண்மையாகவே ஏதோ இருந்தது.

பிப்ரவரி கடைசியில் லின்ட் கூப்பிட்டார். இங்கிலாந்தின் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களுக்கும் காயம். "கோடையோட முதல் டெஸ்டுக்குத் தாக்ரேயை எடுக்கலாம்னு நான் ஒருத்தன்தான் சொல்லிட்டிருக்கேன். நீங்க சரின்னா இன்னிக்கே முடிச்சுடறேன்" என்றார். நான் நெட்டில் பார்த்ததை உள்ளபடி சொன்னேன். இன்னும் சரியாகவில்லை, முன்பைவிட மோசம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். தொலைபேசியை வைத்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரிடம் நான் பொய் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் மாத மதியம். நெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜோயல் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையின் மேல் வைத்தான்.

"இது இல்லாம ஆடிப் பாக்கறேன் ஹெப்."

ரப்பர் பந்தை எடுத்தேன். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"அதுக்கு யாரும் பயப்படமாட்டாங்க. தோல் பந்து போடுங்க. ஹெல்மெட் இருக்கறதாலதான் ஒளியத் தோணுது. ஒரு பந்து. ஒரே ஒரு பந்து நகராம நின்னுட்டேன்னா, எல்லாம் போயிடும். எனக்குத் தெரியும்."

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. இன்னொன்று, எறிவது.

பந்து வழுக்கிவிட்டது என்று போலீஸிடம் சொன்னேன். கை வியர்த்திருந்தது, கோலிலிருந்து தாமதமாக விடுபட்டது என்றேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். மறுநாள் மாலை மருத்துவமனையில் இறந்தான். கண் திறக்கவில்லை. நடைபாதையில் லென், டேங்கர் கம்பெனிச் சட்டையோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் திரும்பினார்.

"மால்கம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பையன் பயந்தாங்கொள்ளியா?"

"இல்ல லென்."

"நீங்க சொன்னா சரி" என்றார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். "குளிர்காலம் பூரா அவனுக்காக நின்னீங்க. வேற எந்தக் கோச் செய்வான்?" அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்பக்கம் ஒரு புறம் அவர் தோள், மறுபுறம் என் தோள். அவர்தான் கேட்டார், நான் மறுக்க முடியவில்லை. பெத் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வந்தது ஒரே கேள்வி, அது விபத்தா என்பது. சொல்கிறேன். பந்து வழுக்கவில்லை. என் கை காய்ந்துதான் இருந்தது. அவன் நெற்றியோரத்தைப் பார்த்து, என்னால் முடிந்த முழு வேகத்தில் எறிந்தேன். அவனைக் கொல்ல எறியவில்லை. அவன் விலகுவான் என்று எறிந்தேன். அவன் விலகுவதை இன்னும் ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டால், லின்டிடம் சொன்ன எல்லாமே, அந்த முதல் 'கொஞ்சம்' உட்பட, உண்மையென்று ஆகிவிடும். பிறகு நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தது. அந்தக் குளிர்காலம் பூராவும் விலகிக்கொண்டிருந்தவன்தானே.

அவன் விலகவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் முதல் நாள் பார்த்த மாதிரியே, கடைசி வரை பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையை அந்த அரை அங்குலம்கூடச் சாய்க்கவில்லை. நகரக்கூடாது என்று முடிவு செய்திருந்தான். ஒரு கணம், ஜெயித்துவிட்டவன் மாதிரி, அவன் உதடு சிரிக்கப் போனதைக்கூடப் பார்த்தேன்.

இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாக நான் எல்லோரிடமும் சொல்லிவந்தபடி அவன் கொஞ்சம் பயந்திருந்தால் போதும், இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.